அறுபத்திரண்டாம் பக்கம்

முகாம்,
ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் பின்னி அனுப்பிய கையுறை வந்து சேர்ந்தது. இடது கையுறையில் கட்டைவிரலுக்கான இடம் சுண்டுவிரல் பக்கம் இருக்கிறது. ஊரிலுள்ள அச்சுப்பிழையை எல்லாம் பிடிக்கிற கண்ணுக்கு இது எப்படித் தப்பியது? ஆனாலும் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது.

ஒரு நல்ல செய்தி. நம் ஜெபப் புத்தகத்துக்குப் படைவீரர் பதிப்பு வரப்போகிறது. சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவு, நாற்பதாயிரம் பிரதி, அட்டையில் தேசக் கொடி. சபை மன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. யோசனையை எழுதிக் கொடுத்தது உங்கள் கொழுந்தன்தான். மெய்ப்பு உங்கள் மேசைக்குத்தான் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: சில பக்கங்களை எடுத்திருக்கிறோம். பகைவருக்கான ஜெபமும் அதில் ஒன்று. அதை எடுக்கச் சொன்னவனும் நான்தான்.

கோபப்படாமல் கேளுங்கள். நான் போதகனாக இருக்கிற படைப்பிரிவில் ஒரு நெட்டை மனிதர் இருக்கிறார். முன்பு பஸ் ஓட்டியவர். எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாதம் என்னிடம் வந்து சொன்னார்: “ஐயா, காலைல எழுந்து ‘எங்களை வெறுக்கிறவங்க வீட்லயும் விளக்கு எரியட்டும்’னு சொல்றேன். பத்து மணிக்கு அதே வீட்டைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டச் சொல்றாங்க. ஒரே ஆளு ரெண்டையும் எப்படிங்கய்யா செய்யறது? ஏதாவது ஒண்ணை எடுத்துருங்க.”

எதை எடுப்பது என் கையில் இருந்ததோ, அதை எடுத்தேன்.

நம் மொழி குதிரைக்காரர்களின் மொழி, அதில் கடவுளிடம் பேசக்கூடாது என்று ராஜா சட்டம் போட்டிருந்த காலத்தில் இந்தப் புத்தகம்தான் அதை முதலில் அச்சில் ஏற்றியது. இதைப் படிக்கத்தான் நம்மவர்கள் எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். எழுத்துத் தெரிந்தவர்கள் பத்திரிகை நடத்தினார்கள், பத்திரிகை படித்தவர்கள் கொடி பிடித்தார்கள். சீர்திருத்தச் சபை இல்லையென்றால் இந்தத் தேசமே இல்லை. பெற்ற பிள்ளைக்கு ஆபத்து வந்திருக்கும்போது தாய் ஒரு பக்கத்தை விட்டுக்கொடுக்கக் கூடாதா?

சட்டுப்புட்டென்று பார்த்து அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
தம்பி

*

அச்சகம்,
ஜனவரி 17

தம்பிக்கு,

கையுறையைப் பிரித்துப் பின்ன வேண்டும், திருப்பி அனுப்பு. அது என் பிழை.

மெய்ப்பு நேற்று வந்தது. நூற்று நாற்பது பக்கத்தையும் பார்த்தேன். ஒற்று விட்டுப்போன இடம் ஒன்பது, தலைகீழான எழுத்து இரண்டு. அவற்றைத் திருத்திவிட்டேன். நம் பழைய புத்தகத்தில் அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிற ஜெபம் இதில் இல்லை. அந்த இடத்தில் ‘வெற்றிக்கான ஜெபம்’ என்று புதிதாக ஒன்று இருக்கிறது. ஓரத்தில் ‘விடுபட்டுள்ளது’ என்று எழுதி, கையெழுத்துப் போடாமல் கொடுத்துவிட்டேன். என் கையெழுத்து இல்லாமல் எந்திரம் ஓடாது என்பது இந்த அச்சகத்தின் விதி. நான் போட்டதல்ல, சபை போட்டது.

மேலாளர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

“ஒரு பக்கம்தானேம்மா? எடுத்தா குடியா முழுகிடும்?”

“எடுத்ததைச் சொல்லிட்டு எடுங்க. முன்னுரையில ‘போர் நடக்கிறதால பகைவருக்காக ஜெபிக்கிறதை நிறுத்தி வச்சிருக்கோம்’னு நாலு வரி போடுங்க. கையெழுத்துப் போடறேன்.”

“அதை எப்படிங்க அச்சடிக்க முடியும்? சிரிப்பாங்க!”

“அப்ப உங்களுக்கே தெரியுது.”

அவர் கீழே போய்விட்டார். எழுத்துக் கோக்கும் பெரியவர், நம் மூக்குக்கண்ணாடி, தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

நீ எனக்குச் சரித்திரம் சொல்லியிருக்கிறாய். அதையும் கொஞ்சம் திருத்துகிறேன். அந்த ஜெபத்தை எழுதியவர் ஒரு செருப்புத் தைப்பவர். தாய்மொழியில் ஜெபித்ததற்காகச் சிறையில் இருந்தவர். தன்னைச் சவுக்கால் அடித்த காவலனுக்காகத்தான் அதை எழுதினார். ராஜாவின் ஆட்கள் வந்து, ‘உன் ஜெபத்தில் ராஜாவின் வெற்றியைச் சேர்த்துக்கொள், விட்டுவிடுகிறோம்’ என்றார்கள். ‘கடவுளிடம் என்ன பேசுவது என்று ராஜா எனக்குச் சொல்லித்தர முடியாது’ என்றார் அவர். அந்த ‘முடியாது’தான் தம்பி இந்தத் தேசத்தைப் பெற்றது. கொடி அப்புறம் வந்தது. இன்றைக்கு நம் அரசாங்கம் கேட்கவே இல்லை, அதற்குள் நாமே ஓடிப்போய் ‘சரிங்க’ என்று நிற்கிறோம்.

வெற்றிக்கான ஜெபத்தையும் கவனமாகப் படித்தேன். அதில் ஒரு பிழைகூட இல்லை. அதுதான் வருத்தம்.

அண்ணி

*

முகாம்,
ஜனவரி 26

அண்ணிக்கு,

மேலாளரும் எழுதியிருக்கிறார். வேலைக்காரர்கள் முன்னால் அவரை அவமானப்படுத்தினீர்களாம். மன்றத்தில் என்னைக் கேட்கிறார்கள், ‘உங்க வீட்டு அம்மாவையே உங்களால சமாளிக்க முடியலையா?’ என்று. எங்கள் படைப்பிரிவுக் கர்னலும் அதையே கேட்டபோது எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீங்கள் வெதுவெதுப்பான அறையில், விளக்கடியில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறீர்கள். நான் இந்த வாரம் மட்டும் பதினொரு பேரைப் புதைத்திருக்கிறேன். அதில் மூன்று பேருக்கு முகமே இல்லை. அதைச் செய்தவர்கள் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்று அவர்கள் அம்மாவுக்கு நான் எழுதட்டுமா?

எல்லாவற்றையும் விடுங்கள். அண்ணனை மறந்துவிட்டீர்களா? பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே எதிரியோடு நின்று சண்டை போட்டுத்தானே விழுந்தார்? அன்றைக்கு எனக்குப் பத்தொன்பது வயது. அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் படைக்குப் போதகனாக ஆவேன் என்று சத்தியம் செய்தேன். அவரைக் கொன்றவர்களுக்காக அவர் மனைவி வேலையை விட்டுவிடத் தயாராக இருக்கிறார்! கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

நீங்கள் போடாவிட்டால் வேறொருவர் போடுவார். புத்தகம் வரத்தான் போகிறது.

கையுறையைத் திருப்பி அனுப்ப முடியாது. இருக்கிற குளிருக்குப் பிழையான கையுறையும் வேண்டியிருக்கிறது.

*

வீடு,
பிப்ரவரி 6

தம்பிக்கு,

மேலே ‘வீடு’ என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய். திங்கட்கிழமையோடு என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விதியை மாற்றி மேலாளரே கையெழுத்துப் போட்டுவிட்டார். எந்திரம் ஓடுகிறது. மூக்குக்கண்ணாடி வந்து சொன்னார்.

நிறுத்தியதற்குக் காரணம் கையெழுத்து மட்டுமல்ல. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், போதகர் புது ஜெபத்தைப் படித்து முடித்ததும் நான் எழுந்து நின்றேன். பழைய புத்தகத்தைத் திறந்து அறுபத்திரண்டாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். ‘எங்களை வெறுக்கிறவர்களின் வீட்டிலும் விளக்கு எரியட்டும். அவர்கள் பிள்ளைகளும் பசியாறித் தூங்கட்டும். எங்கள் கை அவர்கள்மேல் ஓங்கும்போது, எங்கள் கையை நாங்களே பார்க்கும்படி செய்.’ மூன்று வரிதான். முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒருவர், “உட்காரும்மா! யார் பக்கம் நீ?” என்று கத்தினார். நான் உட்காரவில்லை. முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மறுநாள் காலை கதவில் தாரால் ‘துரோகி’ என்று எழுதியிருந்தது. ‘ரோ’வுக்குப் பதில் ‘றோ’ போட்டிருந்தார்கள். தேய்த்துக் கழுவுவதற்கு முன் அதைத் திருத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

இப்போது உன் அண்ணன் விஷயம். இதை எழுத மூன்று நாளாக உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன்.

அவர் சண்டையில் விழவில்லை. காயம்பட்டு அவர்கள் கையில் அகப்பட்டார். அவர்களுடைய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் உயிரோடு இருந்தார். போர் முடிந்து எட்டு மாதம் கழித்து அங்கேயுள்ள ஒரு போதகர் எனக்குக் கடிதம் எழுதினார். அவரும் சீர்திருத்தச் சபைக்காரர்தான். நம் மொழி கொஞ்சம் தெரிந்த ஒரு நர்ஸை வைத்து எழுதியிருந்தார். அதிலிருந்து ஒரு பகுதியை மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

‘உங்கள் கணவர் தினமும் என்னைப் பார்த்துக்கொண்டே எதையோ சொல்வார். திட்டுகிறார் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் நர்ஸ் மொழிபெயர்த்துச் சொன்னாள். அது எனக்காகச் செய்த ஜெபம் என்று அப்போதுதான் தெரிந்தது.’

கூடவே ஒரு புகைப்படம் இருந்தது. கல்லறை. மரப்பலகையில் அவர் பெயரை நம் எழுத்தில் செதுக்கியிருந்தார்கள். ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் எழுதிவைத்திருந்ததைப் பார்த்துச் செதுக்கியதாம். நம் எழுத்து ஒன்றுகூடத் தெரியாத ஒருவன் செதுக்கியது, ஒரு புள்ளிகூட விடுபடவில்லை. நம் ராணுவ அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் அதே பெயரில் இரண்டு பிழை.

அத்தையிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மகன் போரிட்டு விழுந்தான் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் சாப்பிட்டார்கள், நடமாடினார்கள். போன வருடம் அவர்கள் காலமான பிறகு உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீ சீருடையில் வந்து நின்றாய். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். நீ கிளம்பிவிட்டாய்.

புகைப்படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

அண்ணி

*

முகாம்,
பிப்ரவரி 20

புகைப்படம் கிடைத்தது.

இத்தனை வருடம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு நினைவு நாளிலும் நான் மேடையேறிப் பேசியபோது நீங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பேச்சுகளை எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்ததும் நீங்கள்தான்.

ஒரு பக்கம் விடுபட்டதற்கு அவ்வளவு சண்டை போட்டவர் என்னிடம் இதை விட்டுவிட்டீர்களே.

இப்போதைக்கு எழுத வேண்டாம்.

*

வீடு,
மார்ச் 15

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். பதில் போடாதே.

நீ கேட்டது சரி. உன்னிடம் மறைத்தது தப்பு. அதற்கு அத்தையைக் காரணம் காட்டியதும் பாதி உண்மைதான். மீதி உண்மை, வீரனின் மனைவி என்று எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தது எனக்கும் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

ஆனால் அந்தப் பக்கத்துக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன். என் வரிசையில் யாரும் உட்காருவதில்லை, காலை நன்றாக நீட்டிக்கொள்கிறேன். ஒவ்வொரு வாரமும் போதகர் புது ஜெபத்தை முடித்ததும் எழுந்து நின்று பழையதைச் சொல்கிறேன். முதல் வாரம் கத்தினார்கள். மூன்றாம் வாரம் இருமினார்கள். போன வாரம், இரண்டு மகன்களைப் படைக்கு அனுப்பிவிட்டு இருக்கிற தையற்காரி அம்மாள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். வாயைத் திறக்கவில்லை. நின்றார், அவ்வளவுதான்.

சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

முகாம்,
ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

இதை நிதானமாகப் படியுங்கள். நானும் நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

புத்தகங்கள் மார்ச் கடைசியில் வந்தன. நானே பெட்டியை உடைத்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். அழகாகத்தான் இருந்தன. ஒட்டடைக்குச்சி வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி ஒரு தாக்குதல். எதிரிகளில் ஏழு பேர் எங்கள் முள்வேலியிலேயே மாட்டிச் செத்துப்போனார்கள். நான்கு நாள் அப்படியே கிடந்தார்கள். ஆறாம் தேதி நண்பகலில், செத்தவர்களை எடுத்துக்கொள்ள இரண்டு மணி நேரம் இரு தரப்பும் சுடுவதை நிறுத்தின. அவர்கள் பக்கம் கிடந்தவர்களை அவர்கள் எடுத்தார்கள். இந்த ஏழு பேரின் உடல்கள் தூக்கிக் கொடுக்கிற நிலையில் இல்லை. கர்னல், “குழி வெட்டி மூடுங்க, போதும்” என்றார்.

குழி வெட்டினார்கள். மூடவில்லை. மண்வெட்டியோடு நின்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் புதுப் புத்தகத்தைத் திறந்தேன். அடக்க ஆராதனைக்கு அடுத்து நேராக வெற்றிக்கான ஜெபம். ஏழு பிணங்களின் தலைமாட்டில் நின்று அதைப் படிக்க என் நாக்கு எழவில்லை அண்ணி. புத்தகத்தை மூடினேன். பழையதை மனதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். ‘எங்களை வெறுக்கிறவர்களின் வீட்டிலும் விளக்கு எரியட்டும்.’ அதற்கு அடுத்த வரி வரவில்லை. ஆறு வயதிலிருந்து சொன்னது. போதகன் நான், மறந்துபோய் நிற்கிறேன்.

ஒட்டடைக்குச்சி தொடர்ந்தார். பஸ்ஸில் இடத்தின் பெயரைச் சொல்லிக் கூவுகிற மாதிரி, கணீரென்று. “அவர்கள் பிள்ளைகளும் பசியாறித் தூங்கட்டும்.” பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும். நாற்பது பேருக்கு மேல் இருக்கும். ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை. எதிர்ப் பக்கத்தில் தூக்குக் கட்டிலோடு போய்க்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்குச் சொல் புரிந்திருக்காது. ராகம் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒட்டடைக்குச்சியிடம் கேட்டேன், “நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “துப்பாக்கியை எடுத்துருங்கன்னு சொன்னேங்கய்யா. நீங்க ஜெபத்தை எடுத்துட்டீங்க.”

அன்று மாலையே கர்னல் கூப்பிட்டார். “நீங்க யார் பக்கம் போதகரே?”

“இந்தப் பக்கம்தாங்க. அந்த ஜெபத்தை எழுதினதே இந்தப் பக்கத்து ஆளுதான். அதைச் சொன்னதுக்காக என்னை இந்த நாட்டுக்காரன் இல்லைன்னு சொல்ல உங்களால முடியாது.”

‘களைப்பில், மனக்குழப்பத்தில் செய்துவிட்டேன்’ என்று எழுதிக்கொடுத்தால் பெரிதாக்காமல் விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். மறுத்துவிட்டேன். ஏப்ரல் 28 காலை பத்து மணிக்கு மன்றக் கூடத்தில் விசாரணை. போதகர் பட்டம் போவது நிச்சயம். படைச் சட்டப்படி அதற்கு மேலும் இருக்கலாம். பயமாகத்தான் இருக்கிறது.

என் வாக்குமூலத்தை எழுதி இதனுடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்து அனுப்புங்கள். உங்கள் கண் படாமல் எதையும் நான் மேடையில் படித்ததில்லை.

அண்ணன் எப்படிச் செத்தார் என்பதை மறைத்தது பற்றி உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கும். புகைப்படத்தைத் தரமாட்டேன், அது என் சட்டைப்பையில் இருக்கிறது.

தம்பி

*

வீடு,
ஏப்ரல் 19

தம்பிக்கு,

வாக்குமூலம் பார்த்தாகிவிட்டது. இதனுடன் இருக்கிறது.

இரண்டாம் பத்தியில் இரண்டு இடத்தில் ஒற்று இல்லை, போட்டிருக்கிறேன். நான்காம் பத்தி மிக நீளம். மூச்சு வாங்கும், நடுவில் நிறுத்திப் படி. ‘தேசத்தை நேசிக்கிறேன்’ என்பதை நான்கு முறை எழுதியிருக்கிறாய். ஒரு முறை போதும். திரும்பத் திரும்பச் சொன்னால் நாமே நம்பாதது போலாகிவிடும். மற்ற மூன்றையும் அடித்துவிட்டேன்.

ஏழாம் வரியில் ‘என்னையறியாமல் செய்தேன்’ என்று இருக்கிறது. பயத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சொல் அது. ‘அறிந்தே செய்தேன்’ என்று திருத்தியிருக்கிறேன். உனக்குச் சம்மதம் இல்லையென்றால் பழையபடி மாற்றிக்கொள். இதை மட்டும் நான் சொல்ல முடியாது, நீதான் சொல்ல வேண்டும்.

கோபமாகவே இரு. கோபத்தோடு கடிதம் எழுது, போதும்.

இருபத்தெட்டாம் தேதி நான் வருகிறேன். மேலாளருக்கு எப்படியோ தெரிந்து, “விசாரணைக்கு வெளியாட்களை விடமாட்டாங்கம்மா, வீணா அலையாதீங்க” என்று சொல்லி அனுப்பினார். நான் இந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள், இந்த நாட்டில் பிறந்தவள், வெளியாள் என்றால் எதற்கு வெளியே என்று கேட்டு அனுப்பினேன். மூக்குக்கண்ணாடி அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். தையற்காரி அம்மாளும் வருகிறார். போன ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேர் முதல் வண்டிக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உள்ளே விடாவிட்டால் தெருவில் நிற்போம். தெருவில் நிற்க யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. நீ நிமிர்ந்து நின்று உன் வாக்குமூலத்தைப் படி. படிக்கிறதற்கு முன், புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்.

நாங்கள் வெளியே சொல்வது உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்க வேண்டும்.

அண்ணி